அளவா, அழுத்தமா? 24 மணி நேரப் பந்தயத்தில் விடை தேடிய டபிள்யூ.ஓ. பென்ட்லியின் வாழ்க்கை

கார் பந்தய உலகில் நூறாண்டுகளாகத் தொடரும் வாதம் ஒன்று உண்டு. நீண்ட நேரம் ஓடும் பந்தயத்தில் வெல்லத் தகுந்தது எது? கொள்ளளவு பெரிதான, தானே காற்றை இழுத்துக்கொள்ளும் என்ஜினா? அல்லது அழுத்தப்பட்ட காற்றை உள்ளே திணித்து, சிறிய உருவத்திலிருந்து பெரிய ஆற்றலைக் கறக்கும் என்ஜினா?

இன்று இந்த வாதம் டர்போசார்ஜரை மையமாகக் கொண்டு நடைபெறுகிறது. ஆனால், 1920-களின் இறுதியிலேயே பிரான்சின் லே மான் நகரில், ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இரு வகைக் கார்கள் இதே வாதத்தைச் சாலையில் நடத்திக் காட்டின. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு பக்கம் நின்றார். அவரது கார்களை ஓட்டிய புகழ்பெற்ற வீரர் மறுபக்கம் நின்றார். அந்த நிறுவனர், பொறியாளர் வால்டர் ஓவன் பென்ட்லி. நண்பர்களும் ஊழியர்களும் அவரை டபிள்யூ.ஓ. என்ற இரண்டு எழுத்துகளாலேயே அழைத்தனர்.

ரயில் பட்டறையில் கற்ற பாடம்

பென்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைசி. வசதியான குடும்பம். பிரிஸ்டலில் உள்ள கிளிஃப்டன் கல்லூரியில் பயின்றார். ஆனால், சிறுவயது முதலே அவரது மனம் நீராவி ரயில் என்ஜின்களையே சுற்றி வந்தது.

16 வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, டான்காஸ்டர் நகரில் இயங்கிய கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பட்டறையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். வார்ப்படப் பணி முதல் என்ஜின் பொருத்தும் பணி வரை ஐந்து ஆண்டுகள் பயின்றார். ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடும் பணியையும் செய்தார். லண்டனுக்கும் லீட்ஸுக்கும் இடையே சென்று திரும்பும் ஒரு நாள் ஓட்டத்தில் சுமார் 7 டன் நிலக்கரியை அள்ளிப் போட வேண்டியிருந்தது.

பெரிய உருவமும், நிதானமான சுழற்சியும், நாள் முழுவதும் சலிக்காமல் இழுக்கும் வலிமையும் கொண்ட இயந்திரமே நல்ல இயந்திரம் என்ற எண்ணம் அந்தப் பட்டறையில்தான் அவருக்குள் வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் கட்டிய கார்களைப் பார்த்தவர்கள் அவற்றில் ரயில் என்ஜினின் சாயல் இருப்பதாகக் கூறியது தற்செயலன்று.

ஆயினும், ரயில்வேயில் முன்னேற வாய்ப்பு குறைவு என்று உணர்ந்த அவர், 1910-இல் அத்துறையை விட்டு விலகினார். அதற்குள் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஆர்வம் கொண்டு, மேன் தீவில் நடைபெறும் டூரிஸ்ட் டிராபி பந்தயத்திலும் பங்கேற்றிருந்தார். பின்னர் லண்டனில் வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் கார்களின் பராமரிப்பைக் கவனித்தார்.

மேசை மீது கிடந்த அலுமினியப் பிஸ்டன்

1912-இல் அவரும் அவரது அண்ணன் எச்.எம். பென்ட்லியும் இணைந்து, டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார்களை லண்டனில் விற்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசை மீது காகிதங்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு பொருள் அவர் கண்ணில் பட்டது. அது பிஸ்டன் வடிவில் வார்க்கப்பட்ட அலுமினியத் துண்டு.

அக்காலத்தில் கார் பிஸ்டன்கள் பெரும்பாலும் இரும்பாலும் எஃகாலும் செய்யப்பட்டன. அவை கனமானவை, வெப்பத்தை விரைவில் கடத்தாதவை. அலுமினியமோ எடை குறைவானது. வெப்பத்தை வேகமாக வெளியேற்றக்கூடியது. ஆனால், என்ஜினுக்குள் எழும் சூட்டைத் தாங்காமல் உருகிவிடும் என்ற அச்சம் இருந்தது. பென்ட்லி அலுமினியத்துடன் செம்பைக் கலந்து செய்த பிஸ்டன்களை டி.எஃப்.பி. காரில் பொருத்திச் சோதித்தார். அவை தாக்குப்பிடித்தன.

இரண்டு லிட்டர் கொள்ளளவு மட்டுமே கொண்ட அந்தக் கார், புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் தன் பிரிவில் சாதனைகளைப் படைத்தது. 1914-ஆம் ஆண்டு டூரிஸ்ட் டிராபி கார் பந்தயத்தில் அதைவிடப் பெரிய என்ஜின் கொண்ட கார்களுடன் போட்டியிட்டு ஆறாவது இடம் பெற்றது.

சிறிய என்ஜினிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெறும் கலையில் பென்ட்லி தேர்ந்தவராகவே இருந்தார் என்பதை இது காட்டுகிறது. சிறிய என்ஜின் மீது அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. ஆற்றல் கூடும்போது வெப்பமும் கூடும். அந்த வெப்பத்துக்கு வெளியேறும் வழி அமைக்காவிட்டால் இயந்திரம் அழியும் என்பதே அவர் கற்றுக்கொண்ட பாடம்.

போர்க்களத்தில் உயிர் காத்த என்ஜின்

முதல் உலகப் போர் வெடித்ததும் பென்ட்லி கடற்படையின் வான்பிரிவில் சேர்ந்தார். அலுமினியப் பிஸ்டன் பற்றிய தமது அறிவை ரோல்ஸ் ராய்ஸ், சன்பீம் ஆகிய நிறுவனங்களுடன் பகிர்ந்துகொண்டார். அப்போது நேச நாடுகளின் போர் விமானங்களில் பயன்பட்ட கிளெர்ஜே சுழல் என்ஜின், சூடேறிப் பழுதாவது வழக்கமாக இருந்தது. நடுவானில் என்ஜின் நின்றால் விமானியின் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாற்றாக பென்ட்லி வடிவமைத்த பி.ஆர்.1 என்ற சுழல் என்ஜினில், அலுமினியம் கொண்டு சிலிண்டர்களின் வெப்பத்தைத் தணிக்கும் முறை கையாளப்பட்டது. 150 குதிரைத்திறன் கொண்ட அந்த என்ஜின் சாப்வித் கேமல் போர் விமானங்களில் பொருத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த பி.ஆர்.2 மேலும் ஆற்றல் வாய்ந்தது. இப்பணிக்காக அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. போருக்குப் பின் கண்டுபிடிப்பாளர்களுக்கான ஆணையம் 8,000 பவுண்டு பரிசும் அளித்தது.

என்ஜின் நின்றுபோவதை ஒரு சிறு இடையூறாகக் கருதாமல், மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதும் மனநிலை போர்க்காலத்தில் அவருக்குள் உறுதிப்பட்டது.

துயரத்துடன் பிறந்த நிறுவனம்

1919-ஆம் ஆண்டு பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் உருவானது. அதே ஆண்டு அவரது முதல் மனைவி லியோனி, உலகை உலுக்கிய விஷக் காய்ச்சலுக்குப் பலியானார். திருமணமாகி ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தத் துயரத்தின் நடுவே, லண்டன் பேக்கர் தெருவை ஒட்டிய சிறு சந்தில் இருந்த பட்டறையில், அவ்வாண்டு அக்டோபரில் முதல் பென்ட்லி என்ஜின் உயிர் பெற்றது.

நான்கு சிலிண்டர்கள், 2,996 சிசி கொள்ளளவு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் என அக்காலத்துக்கு அது முன்னேறிய வடிவமைப்பு. கிரிக்கிள்வுட் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. 1921 செப்டம்பரில் முதல் கார் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நிறுவனத்துக்குத் தொடக்கம் முதலே மூலதனப் பற்றாக்குறை இருந்தது. விளம்பரத்துக்குப் பெரும் பணம் செலவிட இயலாத நிலையில், பந்தய வெற்றியே விளம்பரமாக வேண்டியிருந்தது.

லே மான் அழைத்தது

1923 மே மாதம் லே மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. இரவும் பகலும் ஓட்டினால் எந்தக் காரும் தாங்காது என்றே பென்ட்லி எண்ணினார். ஜான் டஃப் என்ற வாடிக்கையாளர் தம் சொந்த மூன்று லிட்டர் பென்ட்லியுடன் போட்டியிட முன்வந்தபோது, அரைமனதுடன் சம்மதித்து, நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் ஃபிராங்க் கிளெமெண்டை உடன் அனுப்பினார். கடைசி நேரத்தில் தாமும் ரயிலேறிச் சென்றார்.

அந்தக் காருக்கு முன் சக்கரங்களில் பிரேக் இல்லை. கல் பட்டு பெட்ரோல் தொட்டி ஓட்டையானதில் நீண்ட நேரம் வீணானது. ஆயினும், பந்தயத்தின் அதிவேகச் சுற்றைப் பதிவு செய்து, நான்காவது இடத்தைப் பகிர்ந்துகொண்டது. அரைமனதுடன் வந்த பென்ட்லி, இதுவே தம் கார்களுக்கான களம் என்ற உறுதியுடன் திரும்பினார்.

1924-இல் அதே டஃப், கிளெமெண்ட் இணை வெற்றி பெற்றது. அடுத்த இரு ஆண்டுகளில் பென்ட்லி கார்கள் ஒன்றுகூட ஓட்டத்தை நிறைவு செய்யவில்லை. 1927-இல் ஒயிட் ஹவுஸ் வளைவில் பல கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் இரண்டு பென்ட்லிகள் நொறுங்கின. மூன்றாவது கார் சட்டம் வளைந்து, ஒரு முகப்பு விளக்கை இழந்த நிலையிலும் இரவெல்லாம் ஓடி வென்றது. அதை ஓட்டியவர்கள் சாமி டேவிஸ், மருத்துவர் டட்லி பெஞ்சபீல்ட்.

இதற்கிடையே நிறுவனத்தின் உரிமை கைமாறியிருந்தது. கிம்பர்லி வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசான உல்ஃப் பார்னாட்டோ, 1926-இல் பெரும் முதலீடு செய்து தலைவரானார். நிறுவனம் பிழைத்தது. ஆனால், தாம் தொடங்கிய நிறுவனத்தில் பென்ட்லி ஊதியம் பெறும் அலுவலராகிவிட்டார்.

பெரிதாக்குவதா, திணிப்பதா?

போட்டி வலுத்ததால் மூன்று லிட்டர் என்ஜின் போதாமற்போனது. பென்ட்லியின் தீர்வு எளியது: என்ஜினைப் பெரிதாக்குவது. 4,398 சிசி கொண்ட நான்கரை லிட்டர் காரும், 6,597 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் காரும் பிறந்தன. 1928-இல் பார்னாட்டோவும் பெர்னார்ட் ரூபினும் நான்கரை லிட்டர் காரில் லே மானை வென்றனர். ஆனால், இறுதிக் கட்டத்தில் காரின் சட்டம் விரிசல் கண்டு, தண்ணீர் வற்றி, தட்டுத்தடுமாறியே எல்லையைத் தொட்டது.

அந்தக் காருக்கு மேலும் வேகம் தேவை என்று கருதியவர் சர் ஹென்றி பிர்கின். டிம் என்று அழைக்கப்பட்ட இவர் அச்சமறியாத ஓட்டுநர். சூப்பர்சார்ஜர் பொருத்துவதே இவர் கண்ட வழி.

சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினின் சுழற்சியையே கொண்டு இயங்கும் காற்று அழுத்தி. டர்போசார்ஜர், என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வது. இயக்கும் வழி வேறானாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றே. சிலிண்டர் தானாக இழுக்கும் காற்றைவிட அதிகமான காற்றை அதற்குள் அடைத்து, அதிக எரிபொருளை எரித்து, அதிக ஆற்றலைப் பெறுவது.

பொறியாளர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜரை, காரின் முன்புறத்தில், கிராங்க்ஷாஃப்டின் முனையில் பொருத்தினர். பந்தயக் காரில் 130 குதிரைத்திறன் அளித்து வந்த நான்கரை லிட்டர் என்ஜின், இப்போது 240 குதிரைத்திறனை எட்டியது. உலகம் அதை புளோயர் பென்ட்லி என்று அழைத்தது.

பென்ட்லி இதைக் கடுமையாக எதிர்த்தார். தம் என்ஜினின் இயல்பையே அது கெடுத்துவிடும் என்பது அவர் நிலை. அவரது எதிர்ப்பின் பின்னால் கணக்கு இருந்தது. சுமார் 200 குதிரைத்திறன் அளித்த ஆறரை லிட்டர் பந்தயக் கார், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 30 குதிரைத்திறனையே வழங்கியது. புளோயர் காரிலோ ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 55 குதிரைத்திறனைச் சுமக்க வேண்டியிருந்தது. பிஸ்டன், பேரிங், வால்வு ஆகிய ஒவ்வோர் உறுப்பின் மீதும் விழும் சுமையும் சூடும் அந்த அளவுக்கு உயர்ந்தன.

காற்றை அழுத்தும்போதே அது சூடேறுகிறது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றவும் என்ஜின் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. எரிபொருள் செலவும் பெருகுகிறது. போதாததற்கு, காரின் முன்பகுதி கனத்து, வளைவுகளில் கார் எளிதில் திரும்ப மறுத்தது. சில நிமிடப் பந்தயத்தில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் கணக்குத் தீர்க்கும் என்று பென்ட்லி நம்பினார்.

ஆனால், முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிர்கின், தலைவர் பார்னாட்டோவின் சம்மதத்தைப் பெற்றார். செல்வச் சீமாட்டி டொரத்தி பேஜெட் பந்தய அணிக்கான பணத்தை அளித்தார். லே மான் விதிப்படி போட்டியில் நிறுத்த 50 கார்கள் தயாரிக்கப்பட வேண்டும் என்பதால், நிறுவனமே அந்த 50 கார்களையும் கட்டியது. தாம் நம்பாத ஒரு கார், தம் பெயரைத் தாங்கித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறுவதைப் பென்ட்லி பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

தராசு ஆடிய ஆண்டு

1929-ஆம் ஆண்டு இரு தரப்புக்கும் சான்றுகளை அளித்தது. ஜூன் மாதம் நடைபெற்ற லே மான் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி கார்களே கைப்பற்றின. ஆறரை லிட்டர் என்ஜினின் பந்தய வடிவமான ஸ்பீட் சிக்ஸ் முதலிடம் பெற்றது. அதை ஓட்டியவர்களில் ஒருவர் பார்னாட்டோ. மற்றவர், புளோயருக்காக வாதாடிய பிர்கின்.

எனினும், அதே ஆண்டு புரூக்லண்ட்ஸில் இரு பகல்களாகப் பிரித்து நடத்தப்பட்ட டபுள் டுவெல்வ் பந்தயத்தில், என்ஜின் அளவுக்கேற்பச் சலுகை வழங்கும் முறையில் வெற்றி கணக்கிடப்பட்டபோது, சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒன்றரை லிட்டர் ஆல்ஃபா ரோமியோ வென்றது. ஜூலியோ ராம்போனி ஓட்டிய அந்தச் சிறிய காரிடம், நான்கரை லிட்டர் பென்ட்லி மயிரிழையில் தோற்றது. சிறிய என்ஜினும் நீண்ட நேரம் நின்று பிடிக்கும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

1930: ஒரே இரவில் கிடைத்த தீர்ப்பு

1930 ஜூன் 21 மாலை லே மானில் பந்தயம் தொடங்கியபோது, மூன்று ஸ்பீட் சிக்ஸ் கார்களும் இரண்டு புளோயர் கார்களும் களத்தில் இருந்தன. எதிரே நின்றது ஒரே ஒரு மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. ஏழு லிட்டர் கொள்ளளவு, அத்துடன் சூப்பர்சார்ஜர். ஓட்டுநர்கள் ருடால்ஃப் கராச்சியோலாவும் கிறிஸ்டியான் வெர்னரும்.

மெர்சிடிஸின் சூப்பர்சார்ஜர் எப்போதும் இயங்குவதன்று. ஓட்டுநர் பெடலை முழுதாக அழுத்தும்போது மட்டுமே அது இணைந்து கூடுதல் ஆற்றல் தரும். அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் என்ஜின் தாங்காது.

பந்தயத்தின் தொடக்கத்திலேயே பிர்கின் தம் புளோயரில் மெர்சிடிஸைத் துரத்தி, டயர் கிழிந்து தொங்கிய நிலையில் அதை முந்தினார். இது மெர்சிடிஸைச் சோர்வடையச் செய்யத் திட்டமிட்ட உத்தியா, பிர்கினின் இயல்பான வேகமா என்பதில் இன்றும் இரு கருத்துகள் உண்டு. பின்னர் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் அந்தத் துரத்தலைத் தொடர்ந்தன. விடிவதற்கு முன்பே மெர்சிடிஸ் பழுதாகி விலகியது.

மறுநாள் பகலில் தீர்ப்பின் இரண்டாம் பகுதி வந்தது. இரண்டு புளோயர் கார்களும் 130 சுற்றுகளுக்கு மேல் ஓடிய பின், பந்தயம் முடிவதற்குள்ளாக என்ஜின் கோளாறால் நின்றுவிட்டன. ஒரு ஸ்பீட் சிக்ஸ் விபத்தில் விலகியிருந்தது. எஞ்சிய இரண்டும் முதல் இரு இடங்களைப் பெற்றன. பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய கார் 24 மணி நேரத்தில் சுமார் 2,930 கிலோமீட்டரைக் கடந்திருந்தது.

பென்ட்லியின் கணக்கு சரியென நிரூபணமானது. புளோயர் பென்ட்லி எந்தப் பெரிய நெடுநேரப் பந்தயத்தையும் வென்றதில்லை. அவ்வாண்டு பாவ் நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸில் பிர்கின் பெற்ற இரண்டாம் இடமே அதன் சிறந்த வெற்றி.

வென்ற கையோடு வீழ்ச்சி

ஐந்து முறை லே மானை வென்ற பெருமையுடன் பென்ட்லி நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. காரணம் பணம். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் ஆடம்பரக் கார்களின் சந்தையைச் சுருட்டியிருந்தது. அந்த நேரத்தில் 7,983 சிசி கொண்ட எட்டு லிட்டர் கார் வெளிவந்தது. பெரிய என்ஜின் என்ற பென்ட்லியின் கொள்கையின் உச்சம் அது. ஆனால், வாங்க ஆளில்லாத காலத்தில் வந்ததால் 100 கார்களே கட்டப்பட்டன.

1931-இல் பார்னாட்டோ மேலும் பணம் போட மறுத்தார். நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் கைக்குச் சென்றது. நேப்பியர் நிறுவனம் வாங்கும் என்றும், பென்ட்லி அங்கே தம் பணியைத் தொடர்வார் என்றும் எல்லோரும் எதிர்பார்த்தனர். கடைசி நேரத்தில் பெயர் தெரியாத ஓர் அறக்கட்டளை சுமார் 1,25,000 பவுண்டுக்கு அதைக் கைப்பற்றியது. அதன் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ். போர்க்காலத்தில் பென்ட்லி எந்த நிறுவனத்துடன் தம் பிஸ்டன் அறிவைப் பகிர்ந்துகொண்டாரோ, அதே நிறுவனம்.

ஒப்பந்தப்படி பென்ட்லி ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்ற வேண்டியிருந்தது. ஆனால், வடிவமைப்புப் பொறுப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. அவரது பெயரும் இப்போது அவருடையதன்று. அது நிறுவனத்தின் வணிகச் சின்னம். அவரது இரண்டாவது மணவாழ்க்கையும் அதே 1931-இல் முறிந்தது. 1934-இல் மார்கரெட் ஹட்டனை மணந்த பின்னரே அவரது இல்லத்தில் அமைதி திரும்பியது.

பிர்கின் தந்த மறுமொழி

புளோயர் தோற்றதால் அழுத்தக் காற்றுக் கொள்கையே தோற்றுவிட்டதாகக் கொள்ள முடியவில்லை. 1931-ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தை வென்றவர் வேறு யாருமல்லர், பிர்கின்தான். ஹோவ் பிரபுவுடன் இணைந்து அவர் ஓட்டியது சூப்பர்சார்ஜர் பொருத்திய 2.3 லிட்டர் ஆல்ஃபா ரோமியோ. அந்தக் கார் 3,000 கிலோமீட்டர் எல்லையைக் கடந்தது. முந்தைய ஆண்டு ஆறரை லிட்டர் பென்ட்லி ஓடிய தொலைவைவிட 80 கிலோமீட்டருக்கும் அதிகம். அடுத்த மூன்று ஆண்டுகளும் அதே வகைக் கார்களே வென்றன.

வேறுபாடு எங்கே இருந்தது? ஆல்ஃபா ரோமியோவின் பொறியாளர் விட்டோரியோ யானோ, சூப்பர்சார்ஜரை மனத்தில் வைத்தே அந்த எட்டு சிலிண்டர் என்ஜினைத் தொடக்கம் முதல் வடிவமைத்தார். ஒவ்வொரு சிலிண்டரும் சிறியது. சுமை எட்டாகப் பகிரப்பட்டது. புளோயரிலோ, தானே காற்றிழுக்கும்படி அமைந்த நான்கு பெரிய சிலிண்டர்களின் மீது புதிய சுமை பின்னாளில் ஏற்றப்பட்டது.

தம் என்ஜினைப் பொறுத்தவரை பென்ட்லி கூறியது சரி. ஆனால், எந்த என்ஜினுக்கும் அது பொருந்தாது என்று கருதுவதற்கு இடமில்லை. இந்த உண்மையை நிரூபித்த பிர்கின் நீண்ட நாள் வாழவில்லை. 1933-இல் தம் 36-ஆம் வயதில் நோயுற்று மறைந்தார்.

கொள்கை மாறாத பிற்காலம்

1935-இல் ரோல்ஸ் ராய்ஸை விட்டு விலகிய பென்ட்லி, லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் உருவாக்கிய நான்கரை லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின் பலரால் அவரது மிகச் சிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. அதிலும் சூப்பர்சார்ஜர் இல்லை. 1939-ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தில் லகோண்டா கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. அதை வெற்றியாக மாற்றும் வாய்ப்பை இரண்டாம் உலகப் போர் பறித்துக்கொண்டது.

போருக்குப் பின் 2.6 லிட்டர் கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றை உருவாக்கினார். லகோண்டாவின் புதிய காருக்குப் பென்ட்லி என்ற பெயரைச் சேர்க்க முயன்றபோது, ரோல்ஸ் ராய்ஸ் நீதிமன்றம் சென்று தடுத்தது. 1947-இல் டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கினார். பென்ட்லியின் அந்த என்ஜினை ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 காரில் பொருத்தினார். அதன் மூலம், பென்ட்லி என்ற பெயர் இல்லாமலேயே அவரது படைப்பு மீண்டும் லே மான் சாலையில் ஓடியது.

கூச்ச சுபாவம் கொண்ட, அதிகம் பேசாத அவர், முதுமையில் தம் வாழ்க்கை அனுபவங்களை நூல்களாக எழுதினார். பழைய பென்ட்லி கார்களைக் காத்துவந்த ஆர்வலர்களின் சங்கம் அவரைத் தம் புரவலராகப் போற்றியது. 1971 ஆகஸ்ட் 13 அன்று, 82-ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

முடிவுறாத வாதம்

அவர் மறைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் லே மானை வென்றது, காற்றைத் தானே இழுக்கும், ஏறத்தாழ ஐந்து லிட்டர் கொண்ட போர்ஷே 917. அது ஓடிய தொலைவுச் சாதனை 2010 வரை முறியடிக்கப்படவில்லை. ஆனால், அதே போர்ஷே நிறுவனம் 1974-இல் 2.1 லிட்டர் டர்போ காரில் இரண்டாம் இடம் பெற்றது. டர்போ என்ஜினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கியே கணக்கிட வேண்டும் என்ற அக்கால விதியின்படி, அது மூன்று லிட்டர் வரம்புக்குள் மிகச் சரியாக அடங்கியது. 1976-இல் போர்ஷே 936, லே மானை வென்ற முதல் டர்போ கார் ஆனது.

அதன் பிறகும் தராசு ஒரே பக்கம் சாயவில்லை. 1988-இல் ஏழு லிட்டர், 12 சிலிண்டர் கொண்ட ஜாகுவார், டர்போ போர்ஷே 962-ஐ ஒரே சுற்று வேறுபாட்டுக்குள் வென்றது. எரிபொருள் அளவுக்கு வரம்பு விதிக்கப்பட்ட அந்தக் காலத்தில், பெரிய என்ஜின் நிதானமாகச் சுழன்றும், சிறிய என்ஜின் அழுத்தத்துடன் சுழன்றும் ஏறத்தாழ ஒரே தொலைவையே எட்டின.

1998-இல் பென்ட்லி நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் வசமானது. 2003-இல், 73 ஆண்டுகளுக்குப் பின், பென்ட்லி பெயர் தாங்கிய கார் மீண்டும் லே மானில் முதலிடம் பெற்றது. டாம் கிறிஸ்டென்சன், ரினால்டோ கப்பெல்லோ, கை ஸ்மித் ஆகியோர் ஓட்டிய அந்த ஸ்பீட் 8 காரின் என்ஜின் நான்கு லிட்டர் கொண்டது. அதில் இரண்டு டர்போசார்ஜர்கள் இருந்தன.

தம் பெயர் கொண்ட காரில் அழுத்தக் காற்று கூடாது என்று வாதாடிய மனிதரின் பெயர், அழுத்தக் காற்றைக் கொண்டே மீண்டும் லே மானை வென்றது. ஆயினும் அவர் தோற்றுவிட்டதாகச் சொல்ல இயலாது. அந்த என்ஜின், தொடக்கம் முதலே அந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டது; காற்றைக் குளிர்விக்கவும் வெப்பத்தை வெளியேற்றவும் வழி செய்யப்பட்டது; 24 மணி நேரமும் நிற்காமல் ஓடியது. பெரிய என்ஜினா, சிறிய என்ஜினா என்ற கேள்விக்கு அடியில் பென்ட்லி வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது அந்த ஒன்றைத்தான். எடுக்கும் ஆற்றலுக்கேற்பத் தாங்கும் வலிமையும் அமைந்தால்தான் இயந்திரம் விடியலைக் காணும்.